கற்பனை நாட்டுக்கும் பட்டா உண்டு

“அது கற்பனை நாடு. அதில் போய் எந்தத் தேசம், எந்த நூற்றாண்டு என்று ஏன் நோண்டுகிறீர்கள்?” வீடியோ கேம்களில் வரும் நாடுகளைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் இந்தப் பதில் தயாராக இருக்கிறது. விளையாடுகிறவர்கள் சொல்கிறார்கள். மதிப்புரை எழுதுகிறவர்களில் பலர் சொல்கிறார்கள். கேம் தயாரிக்கும் நிறுவனங்கள் வாயே திறக்காமல் இந்தப் பதிலின் நிழலில் ஒதுங்கிக்கொள்கின்றன. பதில் தவறு.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுவோம். வெற்றிடத்திலிருந்து யாரும் உலகம் படைப்பதில்லை. கண்டது, கேட்டது, படித்தது எல்லாம் கலந்துதான் கற்பனை வரும். ஒரு நாட்டை அப்படியே பெயர்த்து வைத்தால் அது பாடப்புத்தகம். பலவற்றைக் கலந்தால்தான் யாருடையதும் அல்லாத புது நாடு பிறக்கும். யாருடையதும் அல்ல என்பதால் யாரும் புண்பட இடமில்லை. பழைய அரபு விஞ்ஞானி ஒருவரின் பெயரை ஒரு பள்ளிப் பிள்ளை கேம் வழியாகத் தெரிந்துகொண்டால் லாபமே தவிர நட்டமில்லை. பாத்திரங்களின் நிறத்தைப் பற்றிய சண்டை அமெரிக்காவின் வீட்டுச் சண்டை. அதை உலகத்தின் தலையில் ஏற்ற வேண்டாம். இதுதான் அவர்கள் கட்சி. இதில் முட்டாள்தனம் ஒன்றும் இல்லை. பாதி உண்மை இருப்பதால்தான் இவ்வளவு காலம் செல்லுபடியாகிறது.

மீதிப் பாதியைச் சோதிக்க ஒரு கேமை எடுத்துக்கொள்கிறேன். ஷாங்காய் நிறுவனமான மிஹோயோ 2020 செப்டம்பர் 28 அன்று வெளியிட்ட ‘கென்ஷின் இம்பாக்ட்’. கைப்பேசியிலேயே இலவசமாக விளையாடலாம் என்பதால் நம்மூர்க் கல்லூரி விடுதிகள்வரை வந்து சேர்ந்த கேம் அது. டெய்வாட் என்ற உலகம், அதில் ஏழு நாடுகள், நாட்டுக்கு ஒரு தெய்வம். தொடக்கத்தில் மோன்ட்ஷ்டாட், லியுவே என்ற இரண்டு நாடுகள் திறந்திருந்தன. பிறகு 2021இல் இனாசுமா, 2022இல் சுமேரு, 2023இல் ஃபோன்டெயின், 2024இல் நட்லான் என்று ஆண்டுக்கொன்றாக வந்தன. ஸ்னெஷ்னயா ஏழாவது.

1. செய்தவர்களுக்கே அது வெறும் கற்பனை இல்லை.

இனாசுமாவைப் பாருங்கள். தீவு நாடு, ஆள்வது ஷோகன். வெளியார் உள்ளே வரக்கூடாது, உள்ளூரார் வெளியே போகக்கூடாது என்று கதவடைத்திருக்கிறார். 1630களில் தோக்குகாவா ஷோகன்கள் ஜப்பானைப் பூட்டியதும், அந்தப் பூட்டு 1850கள்வரை தொங்கியதும் வரலாறு. கேமில் வெளிநாட்டவர் ரித்தோ என்ற ஒரே தீவுக்குள் அடைத்து வைக்கப்படுகிறார்கள். நாகசாகி துறைமுகத்தில் டச்சு வணிகர்களை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அடைத்து வைத்திருந்த தெஜிமா தீவுதான் அது. கேமில் ஷோகன் மக்களிடமிருந்து மந்திர சக்தி தரும் ‘விஷன்’களைப் பறிமுதல் செய்கிறார், 1588இல் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி குடியானவர்களிடமிருந்து வாள்களைப் பறித்த ‘வாள் வேட்டை’ இங்கே வேறு உடுப்பில் வருகிறது. ஆட்சியைப் பகிர்ந்து நடத்தும் மூன்று ஆணையங்களில் ஒன்று கோயில் காரியங்களைப் பார்க்கிறது, இன்னொன்று கணக்கு வழக்கை. தோக்குகாவா ஆட்சியின் புக்யோ அதிகாரிகள் இப்படித்தான் வேலை பிரித்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் தற்செயலாக வராது. யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்கள், நன்றாகவும் படித்திருக்கிறார்கள். கதையின் முடிச்சே அந்தப் படிப்பிலிருந்துதான் கிடைத்திருக்கிறது. எடுக்கும்போது வரலாறாகத் தெரிந்தது, கேள்வி வரும்போது மட்டும் கற்பனையாகிவிடுமா?

2. கலப்பது எல்லோருக்கும் பொதுவான விதி என்று யார் சொன்னது?

இந்த இடத்தில் எண்ணிக்கையைப் போட்டுப் பார்த்தால் போதும். மோன்ட்ஷ்டாட்டுக்கு ஜெர்மனி. லியுவேக்கு சீனா. இனாசுமாவுக்கு ஜப்பான். ஃபோன்டெயினுக்கு பிரான்ஸ். ஸ்னெஷ்னயாவுக்கு ரஷ்யா. ஏழில் ஐந்து, தலைக்கு ஒரு தேசம். மிச்சம் இரண்டு. சுமேருவில் இந்தியா, ஈரான், அரபு நாடுகள், பண்டைய எகிப்து. நட்லானில் மெக்சிகோவின் அஸ்டெக்குகள், மாயர்கள், பெருவின் இன்காக்கள், அரிசோனாவின் ஹோப்பிகள், நைஜீரியாவின் யொரூபாக்கள், ஹவாய், நியூசிலாந்தின் மாவோரிகள். மூன்று கண்டங்களும் ஒரு பெருங்கடலும் ஒரே எல்லைக்கோட்டுக்குள்.

ஐரோப்பிய நாடுகளும் கலவைதானே என்று கேட்பார்கள். ஆமாம். மோன்ட்ஷ்டாட்டில் பிரெஞ்சுப் பெயர் உண்டு, ஃபோன்டெயினில் ஆங்கிலப் பெயர் உண்டு, ஸ்னெஷ்னயாவின் தூதர்களுக்கோ இத்தாலியின் பழைய முகமூடி நாடகப் பாத்திரங்களின் பெயர்கள். ஆனால் அவர்கள் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். ஒருவரோடொருவர் சண்டையிட்டு, பெண் கொடுத்து, நாடகம் பார்த்து ஆயிரம் ஆண்டு வாழ்ந்தவர்கள். ஹோப்பிக்கும் மாவோரிக்கும் நடுவே அப்படி என்ன இருக்கிறது? ஐரோப்பியரின் கப்பல் வந்து இறங்கும்வரை ஒருவர் இருப்பதே மற்றவருக்குத் தெரியாது. அவர்களை ஒரே பட்டியலில் சேர்ப்பது ஒன்றுதான்: தனியாக எழுதும் அளவுக்கு யாரும் அவர்களைப் பொருட்படுத்தவில்லை என்பது.

ஜப்பானையும் கொரியாவையும் மங்கோலியாவையும் சேர்த்து ஒரே நாடாக்கி, ஷோகனுக்குக் கொரிய உடை போட்டு, மங்கோலியப் பாட்டுப் பாட விட்டிருந்தால் டோக்கியோவில் அந்தக் கேம் ஒரு மாதம் ஓடியிருக்குமா? ஓடாது, செய்தவர்களுக்கும் அது தெரியும். ஜப்பான் இந்தக் கேமுக்குப் பெரிய சந்தை. ஆக, யாரைக் கலக்கலாம், யாரைக் கலக்கக்கூடாது என்பதைக் கற்பனை முடிவு செய்யவில்லை. யார் காசு கொடுப்பார்கள், யார் கேள்வி கேட்பார்கள் என்ற கணக்கு முடிவு செய்திருக்கிறது.

3. கலந்தால் யாரும் புண்படமாட்டார்கள் என்பது, எந்தத் துண்டு எங்கே வைக்கப்பட்டது என்று பாராதவர்களின் பேச்சு.

சுமேருவுக்கு இரண்டு பாதி. ஒரு பாதி மழைக்காடு. அங்கே அகாதமியா என்ற மாபெரும் கல்விச்சாலை. மறு பாதி பாலைவனம். அங்கே மண்ணில் புதைந்த பிரமிடுகள், கூலிப்படையாகத் திரியும் எரிமைட்கள். நடுவே பெருஞ்சுவர். அறிவெல்லாம் காட்டுப் பக்கம், அறிவுக்கு ஏங்குகிறவர்கள் பாலைப் பக்கம்.

அகாதமியாவின் ஆறு துறைகளுக்கும் ஜரதுஷ்டிர மதத்தின் ஆறு அமேஷ ஸ்பெந்தாக்களின் பெயர்கள். அங்கே எழுத்தராக இருப்பவர் அல்ஹைதம். கி.பி. 965இல் பாஸ்ராவில் பிறந்து ஒளியியலுக்கு அடித்தளமிட்ட இப்னு அல்ஹைதமின் பெயர் அது. காட்டைக் காவல் காக்கும் தாவர அறிஞர் டிக்னாரி. இது கிரனாடாவில் வாழ்ந்த வேளாண் அறிஞர் அல்திக்னாரியின் பெயர். சரியான தேர்வுகள். ஆனால் வரலாற்று இப்னு அல்ஹைதம் எங்கே வேலை செய்தார்? கெய்ரோவில். நைல் வெள்ளத்தை அடக்கித் தருகிறேன் என்று ஃபாத்திமிய கலீஃபா அல்ஹாக்கிமிடம் போய், அது நடக்காது என்று கண்ட பிறகும் எகிப்திலேயே தங்கி, எழுதி, அங்கேயே இறந்தார். அவர் காலத்திலேயே அல்அஸ்ஹர் கல்விக்கூடம் அங்கே நடந்துகொண்டிருந்தது. அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அலெக்சாந்திரியாவில் நூலகம் இருந்தது.

கேம் என்ன செய்கிறது? அறிஞரை எகிப்திலிருந்து பிடுங்கிக் காட்டுக்குள் நடுகிறது. எகிப்தின் அடையாளங்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளுகிறது. பண்டைய எகிப்தியர் சொர்க்கத்துக்கு வைத்த பெயர் ஆரு. கேமில் ஆரு கிராமம், அகாதமியாவில் புத்தி பேதலித்த அறிஞர்களை நாடு கடத்தும் இடம். அந்த ஊரின் காவலாளி கேண்டஸ். இன்றைய சூடானில் மெரோயியிலிருந்து ஆண்ட குஷ் அரசிகளின் பட்டப்பெயர் அது. அவர்களில் ஒருத்தியான அமனிரெனாஸ் ரோமப் படையோடு போரிட்டவள். அரசிக்குக் காவல் வேலை கொடுத்தாயிற்று.

கதை இந்த அநீதியைக் கண்டிக்கத்தானே செய்கிறது, அகாதமியாவின் மூத்த அறிஞர்கள்தானே அதில் வில்லன்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். உண்மைதான், சுமேரு கதையின் நேர்மையான பகுதி அது. கண்டிப்பு ஒன்று, அமைப்பு இன்னொன்று. பாலைவன மக்களுக்கு அநீதி நடந்தது என்று சொல்லும் கதை, அவர்களுக்குச் சொந்தமாக இப்போதும் ஓர் அறிஞர் மரபு இருக்கிறது என்று எங்கே காட்டுகிறது? அவர்களின் பெருமை எல்லாம் செத்துப்போன ஒரு மன்னனின் காலத்தில். கல்லறை பிரமாதம், அதன் வாசலில் நிற்பவன் கொள்ளைக்காரன்: 1798இல் நெப்போலியன் எகிப்தில் இறங்கிய நாள்தொட்டு ஐரோப்பா அந்த நாட்டைப் பார்த்த பார்வை இது.

சீன நிறுவனம் ஒன்றின் தனிக் குற்றம் என்று இதை ஒதுக்கவும் முடியாது. பிரிட்டனின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 1983இல் தொடங்கிய ‘வார்ஹாமர்’ உலகத்தில், மனிதர்களின் முதன்மை நாடான எம்பயர் புனித ரோமப் பேரரசின் அச்சு. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் பிரபுக்கள், மாகாணப் பொறாமைகள், கிழித்துத் தைத்த கைகளோடு 16ஆம் நூற்றாண்டுக் கூலிப்படையினரின் உடை, எல்லாம் உண்டு. கிஸ்லெவுக்கு ரஷ்யாவும், சிறகு கட்டிய போலந்துக் குதிரைவீரர்களும். எகிப்தின் பங்கு என்ன தெரியுமா? நெஹெகாரா. அங்கே குடிமக்கள் எல்லோரும் எலும்புக்கூடுகள். அஸ்டெக், மாயர்களின் படிக்கட்டுக் கோயில்களும் தங்கத் தகடுகளும் லஸ்ட்ரியாவில் இருக்கின்றன. அங்கே வாழ்வது பல்லி இனம். இந்தியாவுக்கு ‘இண்ட்’ என்ற பெயரும் வரைபடத்தின் ஓரத்தில் கொஞ்சம் இடமும், அதற்கு மேல் சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை.

நட்லானில் மக்கள் மனிதர்கள்தான். ஆனால் குலத்துக்குக் குலம் கூடவே வாழ்வது டைனோசர் போன்ற பிராணி. அஸ்டெக், மாயர்களின் மெசோ அமெரிக்கா என்றாலே பிரிட்டனிலும் ஷாங்காயிலும் ஒரே பல்லிதான் தோன்றுகிறது போலும்.

நம் பங்குக்கு வருகிறேன். சுமேருவில் இந்தியா இல்லாமல் இல்லை. நாட்டின் பெயரே மேரு மலை. தெய்வத்தின் பெயர்களில் சில பாலி மொழியிலிருந்து. காட்டில் ஒளிந்து விளையாடும் ஆரநாரா என்ற குட்டி வனதேவதைகளுக்குச் சமஸ்கிருத ஒலியில் பெயர்கள். ஆனால் உத்தியோகம், கடன், காதல், கோபம் எல்லாம் உள்ள, நாம் எடுத்து விளையாடக்கூடிய பாத்திரங்களுக்கோ அரபு, பாரசீகம், எகிப்து. ஓர் இந்தியப் பெயரை அந்த வரிசையில் தேடிப் பாருங்கள். இந்தியா என்றால் காடு, மந்திரம், தேவதை. அலுவலகத்துக்குப் போகிற ஆள் இல்லை. இதைச் சொன்னால் “உன் நாட்டையும் போட்டிருக்கிறார்களே, சந்தோஷப்படு” என்கிறார்கள்.

4. “இதெல்லாம் வெறும் பெயர்தானே” என்பது, அந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிடாதவனுக்கு எளிது.

டெய்வாட்டின் ஏழு தெய்வங்களுக்கும் மறைபெயர்கள் உண்டு: பார்பட்டோஸ், மோராக்ஸ் என்று. அவை ஐரோப்பாவின் 17ஆம் நூற்றாண்டு மந்திரவாத நூல் ஒன்றின் பேய்ப் பட்டியலிலிருந்து வந்தவை. யாரும் அவற்றுக்குப் படையல் போடுவதில்லை. எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். இதே சுதந்திரம் நட்லானிலும் செல்லும் என்று நினைத்ததில்தான் கோளாறு.

இயான்சான் என்ற பாத்திரத்தின் பெயர், பிரேசிலின் கண்டோம்ப்ளே வழிபாட்டில் காற்றையும் மின்னலையும் ஆளும் இயான்சா. அடிமைக் கப்பல்களில் யொரூபாக்களோடு கடல் கடந்த தெய்வம் அவள். புனித பார்பராவின் திருநாளுக்குள் ஒளித்துவைத்து அவளைக் காப்பாற்றினார்கள். இன்றும் டிசம்பர் 4 அன்று சால்வடோர் நகரத்தில் சிவப்பும் வெள்ளையும் உடுத்துத் தெருவுக்கு வருகிறார்கள். கேமில் அவள் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் சிறுமி. மின்சாரச் சக்தி கொடுத்திருக்கிறார்கள். ஆகவே அவள் யார் என்று படித்தும் இருக்கிறார்கள். கச்சினா என்பது ஹோப்பி மக்கள் இன்றும் சடங்கில் வரவேற்கும் ஆவிகளின் பெயர். கேமில் அதுவும் ஒரு சிறுமிக்கு. யொரூபாக்களின் விண்ணுலகத் தலைவன் ஒலோருன், ஒரோரோன் என்ற இளைஞனாகியிருக்கிறான். மாவோரிகளின் நெருப்புத் தாய் மஹுயிகா, மோட்டார் சைக்கிள் ஓட்டும் மாவுயிகா ஆகிவிட்டாள்.

2024 ஜூலையில் இந்தப் பாத்திரங்கள் முதலில் காட்டப்பட்டபோது, ஆப்பிரிக்காவிலிருந்தும் அமெரிக்கப் பழங்குடிகளிடமிருந்தும் தீவு மக்களிடமிருந்தும் பெயர் வாங்கியவர்களில் பலர் வெளுத்த தோலோடு வந்து நின்றார்கள். இதே கேமுக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவர்களில் சிலரே வெளிப்படையாக ஆட்சேபித்தார்கள். “கற்பனை நாட்டில் நிறம் ஒரு பொருட்டா” என்பது பதில். பொருட்டே இல்லை என்றால் கறுப்பாக வரைந்திருக்கலாமே? பொருட்டில்லாத விஷயத்தில் ஏன் ஒரே பக்கமாகச் சாய்கிறது தூரிகை? சிவப்பழகு க்ரீம் விளம்பரத்தோடு வளர்ந்த நமக்கு இது அமெரிக்கச் சண்டை என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

5. “சீனா ஆசிய நாடு, அதற்கு எங்கிருந்து வந்தது காலனியப் பார்வை?”

இது ஒரு வாதமே இல்லை. சீனத்துக்கும் தன் மேற்கைப் பார்க்கும் பழைய கண் ஒன்று உண்டு. பௌத்தத் துறவி சுவான்சாங் 629இல் இந்தியாவுக்குப் புறப்பட்டு 645இல் சூத்திரங்களோடு திரும்பினார். அந்தப் பயணம் நாளடைவில் குரங்கும் பன்றியும் பூதங்களும் நிறைந்த ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்ற நாவலாயிற்று. புனித நூல்கள் கிடைக்கும் இடம், வழியெல்லாம் விசித்திரங்கள் திரியும் இடம்: மேற்கு என்றால் இப்படி ஒரு சித்திரம் அங்கே நூற்றாண்டுகளாகப் புழங்குகிறது. சுமேரு அந்தச் சித்திரத்துக்குள் கச்சிதமாகப் பொருந்துவதில் ஆச்சரியமில்லை.

6. பிள்ளைகள் நாலு விஷயம் தெரிந்துகொள்கிறார்களே என்ற லாபக் கணக்கில் ஓட்டை இருக்கிறது.

தெரிந்துகொள்வது உண்மை. இனாசுமாவிலிருந்து ஜப்பானுக்குப் போகும் பிள்ளைக்கு ஷோகன், தீவுச் சிறை, வாள் வேட்டை எல்லாம் ஒரே கோவையாகக் கிடைக்கும்; புத்தகத்தைத் திறந்தால் வழி தெரியும். நட்லானிலிருந்து கிளம்பும் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. மாயரும் மாவோரியும் பக்கத்து ஊர் என்று படிந்த சித்திரத்தை முதலில் அழிக்க வேண்டும், பிறகுதான் கற்பது. யூட்யூபில் “சுமேரு என்றால் இந்தியா” என்று சமன்பாடு போடும் வீடியோக்களும் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதில்லை. எது எங்கிருந்து வந்தது என்று பட்டியல் போடுவதோடு நின்றுவிடுகிறார்கள். எது ஏன் அங்கே வைக்கப்பட்டது என்று கேட்பதில்லை.

வேறு வழியில்லை, கேம் என்றால் இப்படித்தான் என்றும் யாரும் கைவிரிக்க வேண்டாம். வழி மிஹோயோவுக்கே தெரியும். 2022 தொடக்கத்தில் லியுவேயில் யுன் ஜின் என்ற இசைநாடகக் கலைஞரை மேடையேற்றியபோது, அவள் பாட்டைப் பாட ஷாங்காயின் ஜிங்ஜு இசைநாடக நடிகை யாங் யாங்கை அழைத்துவந்தார்கள். கேமை ஆங்கிலத்திலோ ஜப்பானிய மொழியிலோ விளையாடினாலும் அந்தப் பாட்டு மட்டும் சீனத்திலேயே ஒலித்தது. தன் கலை என்று வந்தபோது அதைக் கற்பனை என்று சொல்லி யாரும் கைகழுவவில்லை. அலாஸ்காவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே ஒரு பழங்குடி மன்றம் கேம் நிறுவனம் ஒன்றோடு கைகோத்து, இன்யூபியாக் மக்களின் கதை சொல்லிகளை உட்கார வைத்து, 2014இல் ‘நெவர் அலோன்’ என்ற கேமை வெளியிட்டது. கதை அவர்களுடையது, குரல் அவர்களுடைய மொழியில்.

கேட்பதற்கு ஆள் இல்லை என்ற சாக்கும் எடுபடாது. ஹோப்பி மக்களுக்கு அரிசோனாவில் சொந்த ஆட்சி மன்றம் இருக்கிறது. மாவோரி மொழி 1987 முதல் நியூசிலாந்தின் ஆட்சிமொழிகளில் ஒன்று. யொரூபா பேசுகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். கெய்ரோவில் அல்அஸ்ஹர் இன்றும் பல்கலைக்கழகமாக நடக்கிறது. நட்லானுக்காகவும் சுமேருவுக்காகவும் இவர்களில் யாரிடம் போய்க் கேட்டார்கள் என்று நிறுவனம் பெயரோடு சொல்லட்டும். கேட்டிருந்தால் அந்தப் பெயர்களை கேமின் முடிவில் ஓடும் பட்டியலில் போடட்டும். கேட்கவில்லை என்றால், இனி கற்பனை என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிவதை நிறுத்தட்டும்.